பட்டியலில் இல்லாத மரபணு

எங்கள் ஆய்வகத்துக்கு வரும் மாணவர்கள் பெரும்பாலும் கணினியில்தான் தொடங்குவார்கள். நெல்லின் மரபணுத் தொகுதியை இறக்கி, மற்ற மரபணுக்களை இயக்கவும் அடக்கவும் செய்யும் ஈ.ஆர்.எஃப் மரபணுக் குடும்பத்தைத் தேடிப் பிடித்து, அவற்றின் உறவைக் காட்டும் கிளைப்படம் வரைந்து வண்ணமும் கொடுத்துவிடுவார்கள். 2006இல் வந்த ஓர் ஆய்வு இந்தக் குடும்பத்தில் 139 மரபணுக்கள் என்று கணக்கிட்டது. வறட்சி, உப்பு, வெள்ளம் என்று எதை எடுத்தாலும் இதில் சிலவற்றுக்குப் பங்கு உண்டு. பட்டியலைப் பார்த்ததும் நான் கேட்பது இதுதான்: சரி, சப்1ஏ எங்கே?

இருக்காது. அவர்கள் இறக்கிய தொகுதி நிப்பன்பாரே என்ற ஜப்பானிய ரகத்தினுடையது. அதில் சப்1பி, சப்1சி உண்டு. வெள்ளம் தாங்கவைக்கும் சப்1ஏ கிடையாது. அது ஒடிசாவின் நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர்.13ஏ-வில் இருந்தது. அதையும் 2006இல்தான் அடையாளம் கண்டார்கள்.

அப்புறம் அவர்களைத் தொட்டிக்கு அழைத்துப் போவேன். ஸ்வர்ணா என்ற நெல் ரகம், அதிலேயே சப்1ஏ சேர்த்த ஸ்வர்ணா-சப்1, இரண்டின் நாற்றுகளும் இரண்டு வாரம் முழுக்க மூழ்கிக் கிடக்கும். தண்ணீருக்குள் பயிரில் எத்திலீன் என்ற வாயு ஹார்மோன் சேர, ஸ்வர்ணா மேலே வர நீண்டு நீண்டு இருப்புச் சத்தையெல்லாம் செலவழித்துவிடும். வடித்தால் வெளிறிச் சேற்றில் சாயும்; அடித்தண்டை அழுத்தினால் கொழகொழவென்று இருக்கும். சப்1ஏ அந்த நீட்சியை அடக்கிவிடுவதால் மற்றது பாசி படிந்து குட்டையாக நிற்கும். சில நாளில் நடுக்குருத்திலிருந்து புது இலை வரும். அந்த இலையைப் பார்த்த மாணவர் மரபணுவைப் பற்றிப் பேசும் விதமே மாறிவிடும்.

இதே குடும்பத்தில் ஸ்நார்க்கெல் என்று இரண்டு மரபணுக்கள் உண்டு. மாதக்கணக்கில் தண்ணீர் நிற்கும் இடங்களின் ஆழ்நீர் நெல்லில் அவை நேர்மாறாகத் தண்டை நீளவைக்கின்றன. தூண்டுவது அதே எத்திலீன்தான். எது பிழைக்கும் என்பதைத் தண்ணீர் எத்தனை நாள் நிற்கிறது என்பதே முடிவு செய்கிறது. குடும்பப் பெயரை வைத்து அதைச் சொல்ல முடியாது.

டெல்டாவில் சம்பாவுக்கு, சப்1ஏ சேர்த்த சி.ஆர்.1009 சப்1 ரகம் போடுகிறவர்கள் உண்டு. திடீர் வெள்ளத்துக்கு அது தாங்கும். ஆனால் அரை ஆள் உயரத் தண்ணீர் வாரக்கணக்கில் தேங்கினால், நீளாமல் இருக்கும் குணமே பாதகமாகிவிடும். அந்த நிலைமைக்கு எந்த மரபணு உதவும் என்று தேட, இப்போது ஒரு மாணவி நாட்டு ரகங்களைப் பாதி ஆழத் தொட்டியில் வைத்திருக்கிறார். கிளைப்படத்தைப் பிறகு வரைந்துகொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன்.