டௌபோ ஏரிக்கு மேலே 15,000 அடியில்

நியூசிலாந்தில் ஸ்கைடைவிங் (விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதிப்பது) என்றால் எல்லாரும் தெற்குத் தீவின் குவீன்ஸ்டவுனுக்குத்தான் ஓடுகிறார்கள். நான் வடக்குத் தீவிலேயே சுற்றிக்கொண்டிருந்ததால் டௌபோவில் குதித்தேன், நஷ்டமில்லை. 12,000, 15,000, 18,500 அடி என்று உயரத்துக்குத் தகுந்த கட்டணம், நடுவில் இருந்ததை எடுத்துக்கொண்டேன். வீடியோவுக்குத் தனிக் காசு, அதுதான் கொஞ்சம் அநியாயம்.

என்னைப் போலச் சுற்றுலா வந்தவர்களுக்கு டேண்டம்தான். பயிற்றுநரின் மார்போடு நம் முதுகை நான்கு கொக்கிகளில் மாட்டிவிடுவார்கள். அவர் முதுகுப் பையில் இரண்டு பாராசூட். ஒன்று காலை வாரினால் இன்னொன்று. அவருக்கு மயக்கமே வந்தாலும், குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழே அதே வேகத்தில் விழுந்துகொண்டிருந்தால் ஒரு சின்னக் கருவி இரண்டாவதைத் தானே திறந்துவிடுமாம். அதைக் கேட்ட பிறகுதான் நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டேன்.

விமானத்தில் இருக்கை கிடையாது, காலை அகட்டி ஒருவர் முன் ஒருவர் நெருக்கிக்கொண்டு உட்கார வேண்டும். மேலே போகப் போகக் காது அடைக்கிறது, குளிர் ஏறுகிறது. கதவைத் திறந்ததும் காலை விமானத்துக்கு அடியில் மடக்கி, தலையைப் பின்னால் சாய்த்து, வாழைப்பழம் மாதிரி வளையச் சொல்கிறார்கள். பயமெல்லாம் அந்த விளிம்பில் தொங்கும் சில நொடிகள்தான், அப்புறம் பயப்பட நேரமே இல்லை.

ராட்டினத்தில் வயிறு எழும்புமே, அது இங்கே இல்லை. காற்றுதான் அறைகிறது. குதித்தவுடன் பயிற்றுநர் பின்னால் ஒரு குட்டிப் பாராசூட்டை வீசிவிடுவார், இரண்டு பேர் எடைக்கு வேகம் மணிக்கு 200 கி.மீ. அளவில் நிற்பது அதனால்தான். வாயைத் திறந்தேன், மூட முடியவில்லை.

கிட்டத்தட்ட ஒரு நிமிடம் கழித்துப் பெரிய பாராசூட் விரிந்து மேலே ஒரு இழுப்பு, உடனே அமைதி. பயிற்றுநர் பேசுவது சாதாரணமாகக் காதில் விழுகிறது. கீழே 616 சதுர கி.மீ. ஏரி, சுமார் 25,000 ஆண்டுகளுக்கு முன் எரிமலை வெடித்து உண்டான பள்ளத்தில். தெற்கே ருவபேஹு எரிமலை பனியோடு நிற்கிறது. ஊரே அந்த ஒரு நிமிடத்தைப் பற்றிப் பேசினாலும், என்னைக் கேட்டால் காசெல்லாம் இந்த ஐந்தாறு நிமிடத்துக்குத்தான். பாராசூட்டைத் திருப்பும் கைப்பிடிகளை என்னிடம் கொடுத்து வலது பக்கம் இழுக்கச் சொன்னார், சுழன்ற சுழற்சியில் வயிறு கலங்கிவிட்டது. இறங்கும்போது காலை முன்னால் தூக்கிக்கொள்ள வேண்டும். அவர் இரண்டு பிடிகளையும் இழுத்துப் பிடிக்க, புல்லில் சறுக்கி உட்கார்ந்தோம்.

போகிறவர்கள் அடுத்த நாளையும் காலியாக வைத்துக்கொள்ளுங்கள், காற்றும் மேகமும் கெடுத்தால் தள்ளிவைத்துவிடுவார்கள். சளி பிடித்திருந்தால் குதிக்கவே வேண்டாம், காது வலி உயிரை எடுத்துவிடும்.