ஒரு சங்கில் போன ஜே.ஆர்.எஃப்.

நேற்று நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு) தமிழ் ரிசல்ட் வந்தது. ஜே.ஆர்.எஃப்., அதாவது ஆய்வு உதவித்தொகை, கிடைத்துவிட்டது. அம்மா அழுதாள், நானும்தான்.

போன முறை இரண்டே மதிப்பெண்ணில் போனது. ஒரே கேள்வி. 'நந்து' என்ற சொல்லின் பொருள். 'நந்தும் முரளும் ஈரறிவினவே' என்று ஈரறிவு உயிர்களைச் சொல்லும் தொல்காப்பிய மரபியல் நூற்பா எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் கோச்சிங்கில் தந்த நோட்ஸில் 'நந்து - வளர்தல்' என்று ஒரே வரி. 29சி பஸ்ஸில் நின்றுகொண்டே அதை உருப்போட்டிருந்தேன். சங்கு என்ற விடை கண்முன் இருந்தும் தாண்டிப் போனேன். ஆறு மாதம் தூக்கம் வரவில்லை.

இந்த முறை நோட்ஸைத் தொடவே இல்லை. கன்னிமாரா நூலகத்தில் உட்கார்ந்து சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியைப் புரட்டினேன், நாளுக்கு ஒரு சொல். நந்துதல் என்றால் வளர்தல், கெடுதலும் அதுவே. அணையாத விளக்கு 'நந்தா விளக்கு' ஆனது இதனால்தான். பெயர்ச்சொல்லாக வந்தால் சங்கு, நத்தை. நந்து, நத்து, நத்தை என்று வல்லினமாவதை ஒருமுறை எழுதிப் பார்த்தால் போதும், மறக்காது. குறள் 235-இல் 'நத்தம்' என்பதைப் பரிமேலழகர் ஆக்கம் என்கிறார். சங்கு என்று கொள்பவர்களும் உண்டு. இரண்டையும் தெரிந்து வையுங்கள்.

சங்கின் இன்னொரு பெயரான 'வளை' எனக்குப் புரிந்தது மெரினாவில். சிப்பிக் கடையில் குறுக்கே அறுத்த சங்கு ஒன்று கிடந்தது. உள்ளே நடுத்தண்டைச் சுற்றிச் சுற்றி வளைந்து போகிறது சுவர். ஒரு துண்டு அறுத்தால் அதுவே கைவளை! வளைவது வளை, அதில் செய்ததும் வளை. வீட்டுக்கு வந்ததும் அகநானூறு 24-ஐ எடுத்தேன். வேள்வி செய்யாத பார்ப்பான் அரத்தால் வளை அறுக்கிறான். அறுத்தது போக மிஞ்சும் சங்கின் நுனி போலப் பகன்றைக் கொடியின் விரியாத அரும்பு. கடையில் பார்த்த அதே சுருள் நுனி.

மற்றவை:
- சங்கு: வடமொழி 'சங்க', கிரேக்க 'கொங்கே' உறவு. ஆங்கிலேயர் எழுதிய 'சாங்க்' இதே சங்குதான்.
- கோடு, பணிலம், சுரிமுகம்: இவையும் சங்கின் பெயர்கள், பாட்டோடு படிக்கவும்.
- நெட்டின் முதல் தாளுக்கு (எல்லாருக்கும் பொதுவான தாள்) காலை ஒரு மணி நேரம் போதும்.
- தேர்வுக்கு முந்தின நாள் புதுச் சொல் எதுவும் வேண்டாம்.

அகம் 24-ஐ மட்டும் இன்றைக்கே உரையோடு படித்துவிடுங்கள்.