எல்லா அயர்ன் ஊசியும் ஒன்றல்ல

கருவுற்றிருக்கும் என் தங்கைக்கு ஆறாம் மாதத்தில் ஹீமோகுளோபின் 7.6 என்று வந்தது. அரசு தரும் 60 மி.கி. இரும்புச்சத்து மாத்திரை குமட்டலால் வயிற்றில் தங்காததால், ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்ற அயர்ன் ஊசிமருந்தை 1000 மி.கி. ஏற்றலாம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார்.

சிக்கல் மருந்துக் கடையில் தொடங்கியது. எங்கள் ஊர்க் கடைகளில் அது இல்லாததால் தஞ்சாவூருக்குப் பேருந்து ஏறினேன். அங்கிருந்த ஊழியர் சீட்டைப் பாதி படித்துவிட்டு, அயர்ன் சுக்ரோஸ் குப்பிகளை எண்ணி எடுத்துவைத்து, “எல்லாம் அயர்ன்தாங்க்கா, பேருதான் வேற” என்றார். மருத்துவமனையில் செவிலியர் பெட்டியைப் பார்த்ததுமே கைவைக்க மறுத்துவிட்டார். அன்றைய பொழுது வீணானாலும், அவர் மறுத்தது முற்றிலும் சரி.

தனித்த இரும்பை இரத்தத்தில் நேரடியாகச் செலுத்தினால் அது நஞ்சாகும். அதனால்தான் இரும்பு ஆக்சிஹைட்ராக்சைடு என்ற இரும்புச் சேர்மத்தைச் சுற்றி, நெல்லை உமி மூடியிருப்பதுபோல, மாவுப்பொருள் மூலக்கூறுகளை உறையாக அமைக்கிறார்கள். கல்லீரலிலும் மண்ணீரலிலும் உள்ள விழுங்கணுக்கள் அந்தத் துகளை உள்வாங்கி, இரும்பைச் சிறிது சிறிதாக விடுவிக்கின்றன. சுக்ரோஸ் சிறிய மூலக்கூறு என்பதால் பிணைப்பு தளர்வானது. இரும்பு விரைவில் கழன்றுவிடும் என்பதால் ஒரு வேளைக்கு வழக்கமாக 200 மி.கி.க்கு மேல் ஏற்றுவதில்லை. மாவுச்சத்திலிருந்து பெறப்படும் கார்பாக்ஸிமால்டோஸ் இன்னும் இறுக்கமாகப் பிணைவதால், உடல் எடை இடங்கொடுத்தால், 1000 மி.கி. வரை பதினைந்து நிமிடத்தில் ஏற்றிவிடலாம். “பேருதான் வேற” என்பதற்குள் இத்தனை இருக்கிறது!

மறுநாள் கடையில் மருத்துவர் சீட்டையும் ரசீதையும் அருகருகே வைத்துக் காட்டிய பிறகே, மிகுந்த முணுமுணுப்புடன், மாற்றிக் கொடுத்தார்கள். ரசீது இல்லாதிருந்தால் பணம் போயிருக்கும். ஆகவே கல்லாவை விட்டு நகருமுன் மருந்தின் முழுப்பெயரையும் மி.கி. அளவையும் சீட்டோடு ஒப்பிட்டுவிடுங்கள். கலப்பதற்குக் குளுக்கோஸ் பாட்டிலைக் கொடுத்தால் வாங்காதீர்கள், இதற்கு 0.9% சலைன் மட்டுமே. ஏற்றும்போது ஊசி குத்திய இடம் எரிந்தாலோ வீங்கினாலோ உடனே சொல்லுங்கள். மருந்து இரத்தக் குழாய்க்கு வெளியே கசிந்தால் தோலில் பழுப்புக்கறை நெடுநாள் நிற்கும். ஒவ்வாமை வருகிறதா என்று பார்க்க, முடிந்த பின்னும் அரை மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும். கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் இந்த ஊசியைத் தவிர்ப்பார்கள்.

ஏற்றியது சிக்கலின்றி முடிந்தது. அடுத்த மாதப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10-ஐத் தாண்டியிருந்தது.