புல்லை உரித்த கோல்ஃப் மைதானம்

மதியம் சாப்பிட்டுக்கொண்டே யூடியூபில் 2014 யுஎஸ் ஓபன் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்த பையன், "என்னப்பா இது, கோல்ஃப்னா பச்சைப்பசேல்னு இருக்கணும்ல, ஏன் இப்படிக் காஞ்சு கிடக்கு?" என்றான்.

நியாயமான கேள்விதான்.

அது அமெரிக்காவின் வட கரோலினாவில் இருக்கும் பைன்ஹர்ஸ்ட் நம்பர் 2 என்ற மைதானம். டொனால்ட் ராஸ் வடிவமைத்து 1907-இல் திறந்தது. அடியில் மணல், சுற்றிலும் பைன் மரம். காலப்போக்கில் ஓரம்வரை புல்லைப் பதித்து, தண்ணீராகக் கொட்டி, பத்தோடு பதினொன்றாக ஆக்கிவிட்டார்கள். 2010-இல் பில் கூர், பென் கிரென்ஷா என்ற மைதான வடிவமைப்பாளர்கள் இருவரும் மராமத்தில் இறங்கி, சுமார் 35 ஏக்கர் புல்லை உரித்தே எடுத்துவிட்டார்கள். மணலும் அந்த மண்ணுக்கே உரிய வயர்கிராஸ் என்ற காட்டுப் புல்லும் திரும்பி வந்தன. ஸ்பிரிங்க்ளர்கள் 1,150-லிருந்து 450 ஆனது.

எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொன்று. பந்தை அடித்துக்கொண்டு போகும் புல்வெளி, அதாவது ஆடுதளம், அந்தக் காலத்தில் எவ்வளவு அகலம், எந்தப் பக்கம் வளைந்தது என்று எப்படித் தெரியும்? 1943-இல் விமானத்திலிருந்து எடுத்த படங்கள் கிடைத்தன. அப்புறம் மண்ணுக்குள் நடுவாக ஓடிய பழைய தண்ணீர்க் குழாய். அதிலிருந்து இருபுறமும் தண்ணீர் எட்டும் தூரம்தான் அந்தக் காலத்து அகலம்! குழாய் போன வழியே கோடு போட்டுவிட்டார்கள்.

டிவியில் பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று அப்போது சிலர் புலம்பினார்கள். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கும் தெருவிலிருந்து பார்க்கிற எனக்கு, 700 ஸ்பிரிங்க்ளரைக் கழற்றிப் போட்டவர்கள்மேல் மரியாதைதான் வருகிறது.

2024-லும் யுஎஸ் ஓபன் அங்கேதான் நடந்தது. அதையும் தேடிப் பார்க்கணும்.