பிளாக் விடுகிற நேரம்

மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்து கண் விழிக்கிற பெண்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் "எல்லாம் எடுத்தாச்சா டாக்டரம்மா?" என்றுதான். வலி அப்புறம் வரும், மயக்க மருத்துவர்களான நாங்கள் வீட்டுக்குப் போன பிறகு.

அந்த வலி தெரியாமல் இருக்க, முன்பு முதுகெலும்பை ஒட்டி நரம்பை மரக்க வைக்கிற ஊசி போடுவோம், அதைத்தான் பிளாக் என்கிறோம். நல்ல பலன் உண்டு, நுரையீரலைக் குத்திவிடுவோமோ என்ற பயமும் உண்டு. 2011, 2012-இல் மயக்க மருத்துவர் ரஃபேல் பிளாங்கோ விவரித்த, மார்புத் தசைகளுக்கு நடுவே மருந்து செலுத்தும் பெக்ஸ் பிளாக் வந்த பின் வேலை மார்புப் பக்கத்துக்கே மாறிவிட்டது. காறை எலும்புக்குக் கீழே அல்ட்ராசவுண்ட் புரோப்பை வைத்து அக்குள் பக்கமாக நகர்த்தினால் பெரிய மார்புத் தசை, அதனடியில் சின்னது, அதற்கும் அடியில் விலா எலும்புகளின் மேல் செரேட்டஸ் என்ற தசை. முதல் இடுக்கில் 10 மில்லி, அடுத்ததில் 20 மில்லி. மருந்து இறங்க இறங்கத் தசைகள் விலகிக் கருப்பாக ஒரு பட்டை விரியும், அதைப் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி.

ஆனால் 30 மில்லி சும்மா இல்லை, அளவு மீறினால் ஆபத்து. 0.25 சதவீத புபிவகெய்ன் என்கிற மரக்க வைக்கும் மருந்து என்றால் அது 75 மில்லிகிராம். கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்று கணக்குப் போட்டால் 40 கிலோ எடையுள்ள அம்மாவுக்கு 80-தான் எல்லை. தையல் போடும்போது சர்ஜன் "நானும் கொஞ்சம் லோக்கல் போட்டுடவா?" என்பார், அதுவும் இதே வகை மருந்துதான். வேண்டாம் சார் என்று சொல்லத்தான் வேண்டியிருக்கிறது, அவர் முகம் சுளித்தாலும் சரி.

பிளாக் போட்டால் புற்றுநோய் திரும்ப வராது என்று ஒரு பேச்சு இருந்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் முதுகெலும்பை ஒட்டிய பிளாக்கை வைத்து நடந்து, 2019-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு அப்படி ஒரு பலனும் இல்லை என்று காட்டிவிட்டது. எனக்கு ஏமாற்றமில்லை. மார்ஃபின் குறைந்து, அதனால் வாந்தியும் குறைந்து, சாயங்காலம் எழுந்து உட்கார்ந்து இரண்டு இட்லி சாப்பிட முடிகிறதே, அது போதாதா?

நெஞ்செலும்பை ஒட்டிய தோல் இந்த பிளாக்கில் சரியாக மரக்காது, அங்கே எரியும். இதை ஆபரேஷனுக்கு முந்தைய நாளே சொல்லிவிடுகிறேன். காலையில் போட்ட பிளாக் ராத்திரியில் விட ஆரம்பிக்கும் என்பதையும்தான். அது விட்ட பிறகு மாத்திரை கொடுத்தால் உடனே கேட்காது, முன்னாடியே உள்ளே போயிருக்க வேண்டும். அதனால் கேஸ் ஷீட்டில் 'வலி இருந்தால்' என்று எழுதுவதே இல்லை, பாராசிட்டமாலுக்கு மணி குறித்துவிடுகிறேன். நைட் டியூட்டி சிஸ்டரிடமும் கேட்காவிட்டாலும் கொடுங்கள் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவது, ஏனென்றால் பக்கத்து பெட்காரர் தூக்கம் கெடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பவர்கள்தான் இங்கே அதிகம்.