களரியின் நடுவே நிற்பவர்

நடிப்பு, நெறியாள்கை, பயிற்றுவிப்பு மூன்றையும் ஒருவரே செய்வது மட்டக்களப்பில் புது வழக்கமல்ல. ஊர்க் கூத்தில் அண்ணாவியார் செய்துவந்தது அதுதான். சட்டங் கொடுக்கும் நாளில், அதாவது வேடத்துக்குரிய பாட்டையும் வசனத்தையும் எழுதிக் கொடுக்கும் நாளில், யாருக்கு எந்த வேடம் என்று முடிவெடுப்பவர் அவர். மாதக்கணக்கில் ஆட்டமும் பாட்டும் பழக்குபவர் அவர். அரங்கேற்ற இரவில், கூத்து ஆடும் வட்டமான களரியின் நடுவே நிற்பவரும் அவரே. ஆட்டக்காரனின் அடி பிசகினால் மத்தளத்தில் நாலு தட்டை அழுத்திக் கொடுத்து அவனைத் தாளத்துக்குள் இழுத்துவிடுவார். இன்று பாடசாலையில் நாடகமும் அரங்கியலும் படிப்பித்துக்கொண்டு, முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்கு நாடகம் போடுகிறவருக்கு அந்த வசதி இல்லை. திரை திறந்த பிறகு அவரால் எதையும் திருத்த முடியாது. அண்ணாவியார் அரங்கேற்ற இரவில் செய்த வேலையை இவர் ஒத்திகையிலேயே செய்து முடித்தாக வேண்டும்.

பழக்குவதில் முதலில் வரும் பிழை, எல்லாவற்றையும் தானே ஆடிக் காட்டுவது. நடிகராக இருக்கும் ஆசிரியருக்கு இது கைவந்த வழி, பிள்ளைகளுக்கும் பிடிக்கும். ஆனால் பதினைந்து பேரும் அவருடைய தோளையும் கழுத்தையும் அப்படியே எடுத்துக்கொள்வார்கள். தருமனும் துரியோதனனும் ஒரே ஆளாகத் தெரிவார்கள். அடியை ஆடிக் காட்டத்தான் வேண்டும். வீசாணம், எட்டு, பாய்ச்சல், பொடியடி, குத்துமிதி என்ற ஆட்ட அடிகள் சொல்லி விளங்குகிறவை அல்ல. ஆனால் வேடத்தின் குணத்தை ஆடிக் காட்டக் கூடாது. அதைக் கேள்வியாகக் கேட்க வேண்டும்: இவன் சபைக்குள் வரும்போது யாரைத் தேடுகிறான், யாரைப் பார்க்காமல் போகிறான்?

அடி பழக்கும்போது அதற்குரிய தாளச் சொற்களான தாளக்கட்டை முதலில் வாயால் சொல்லவைத்து, பிறகு கையால் தட்டவைத்து, மூன்றாவதாகத்தான் காலுக்கு இறக்க வேண்டும். நேரே காலுக்குப் போன பிள்ளை பக்கத்தில் நிற்பவனின் காலைப் பார்த்து ஆடும். தனியே நிறுத்தினால் நின்றுவிடும். வேகத்தை மெதுவாகக் கூட்டுங்கள். பாட்டும் ஆட்டமும் சேரும் இடத்தில் மூச்சு முட்டுவதற்குப் பெரும்பாலும் காரணம் நுரையீரல் அல்ல, முழங்கால். முழங்காலை விறைப்பாக வைத்துக் குதிப்பவனுக்கு ஒவ்வொரு மிதியிலும் குரல் உடையும். முழங்கால் இளகினால் பாதிச் சிக்கல் போய்விடும். குரல் உடையும் வயதிலுள்ள பையன்களுக்கு உச்சத்தில் பாடும் வேடம் கொடுப்பது கொடுமை. அரசன் வரவை அறிவிக்கும் கட்டியகாரன் போன்று வசனம் மிகுந்த வேடம் அவர்களுக்குப் பொருந்தும்.

இரவிரவாக ஆடும் கூத்தை ஒன்றரை மணி நேர மேடைக்குச் சுருக்குவதுதான் நெறியாளரின் பெரிய சோதனை. 1960களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தை நவீன மேடைக்குக் கொண்டுவந்த நாள்முதல் நம்மவர் எல்லாரும் இதோடு மல்லுக்கட்டுகிறோம். வழக்கமாக நடப்பது, நடிகன் பாடியதைப் பிற்பாட்டுக்காரர் திருப்பிப் பாடுவதை எல்லாம் வெட்டுவது. திரும்பத் திரும்ப வருகிறதே, நேரம் மிச்சம் என்று நினைக்கிறார்கள். ஆனால் பிற்பாட்டு எடுக்கும் அந்த நேரத்தில்தான் நடிகன் ஆடுகிறான், மூச்சு வாங்குகிறான், அடுத்த வரியை நினைவுக்குக் கொண்டுவருகிறான். அதை வெட்டினால் மூன்றாவது பாட்டிலேயே குரல் கீழே விழும். கிளைக் கதையையோ இரண்டு துணை வேடங்களையோ முழுதாக எடுத்துவிட்டு, இருக்கும் பாட்டுகளைப் பிற்பாட்டோடு விடுவது நல்லது. வேடம் முதலில் களரிக்கு வரும்போது ஆடும் வரவு ஆட்டத்தையும் தொடாதீர்கள். ஒருவன் யார் என்பது அவன் பேசும் முன்னே அங்கே தெரிந்துவிடுகிறது. வடமோடி, தென்மோடி என்ற கூத்தின் இரு முக்கிய வகைகளில், தென்மோடியில் வரவு நுணுக்கமானது என்பதால் கத்தரிக்கோல் அங்கேதான் முதலில் போகிறது. பிறகு மிஞ்சுவது வெறும் உடுப்பும் பாட்டும்தான்.

வட்டக்களரியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் சனம் இருக்கும். மண்டப மேடையில் ஒரு பக்கம் மட்டும். வட்டத்தை அப்படியே வைத்தால் ஆட்டக்காரன் பாதி நேரம் முதுகு காட்டுவான். வட்டத்தை நேர்கோடாக்கினால் கூத்துப் போய்விடும். வட்டத்தை வைத்துக்கொண்டு, முக்கியமான சொல் வரும் இடம் முன்பக்கமாக விழும்படி புறப்படும் இடத்தை மாற்றலாம். மத்தளக்காரரைத் திரைக்குப் பின்னால் தள்ளுவது வேண்டாம். ஆட்டக்காரனின் கால் அவருக்குத் தெரிய வேண்டும்; அவர் கை ஆட்டக்காரனுக்குத் தெரிய வேண்டும். மைக்கை மத்தளத்துக்குக் கிட்ட வைத்தால் சல்லரி என்ற கைத்தாளமும் பாட்டும் அமுங்கும். பிற்பாட்டுக்காரருக்கு முன்னால் வைத்தால் மத்தளம் தானாகவே கேட்கும். மார்கழி ஈரத்தில் தோல் தளர்ந்து ஒலி இறங்கிவிடும். அடைமழைக் காலத்தில் நிகழ்ச்சி வைத்தால், தொடங்குவதற்கு முன் வார் இறுக்க அரை மணி நேரம் தனியாக ஒதுக்குங்கள். ஊரில் அறுவடை முடிந்த பிறகு கூத்துப் பழகியதற்குக் கையில் கிடைத்த ஓய்வு மட்டும் காரணமல்ல. வானமும் அப்போதுதான் வெளித்திருக்கும்.

உடுப்பைக் கடைசி நாளுக்கு விடுவது எல்லா ஊரிலும் நடக்கும் தவறு. சாரத்தோடு பழகிய வடமோடி அரசன் இடுப்பைச் சுற்றி அகல விரியும் கரப்புடுப்பு கட்டியதும் இரண்டு ஆள் இடத்தை அடைத்து நிற்பான். போர் ஆட்டத்தில் ஒருவர் உடுப்பு மற்றவர் உடுப்பில் மாட்டும். பிரம்போ கம்பியோ வளைத்து அதே அகலத்தில் வளையம் செய்து, கடைசி மூன்று கிழமையும் இடுப்பில் கட்டிப் பழக்கினால் இடைவெளி உடம்பில் பதியும். பக்கவாசலின் அகலத்தையும் அதே வளையத்தால் அளந்து பாருங்கள். சதங்கையைத் துணி சுற்றி அதன்மேல் கட்ட வேண்டும். வெறுங்காலில் கட்டினால் கணுக்கால் உரிந்துவிடும்.

தானே நெறிப்படுத்தும் நாடகத்தில் தானே நடிப்பதானால், சிறிய வேடமாக எடுப்பது நல்லது. ஒத்திகையில் மூன்றில் இரண்டு பங்கு நாட்களுக்கு அந்த இடத்தில் இன்னொருவரை நிறுத்தி, வெளியே கடைசி வரிசையில் இருந்து பாருங்கள். பிறகு உள்ளே போகும்போது, குறிப்புக் கொப்பியை மற்றொருவரிடம் கொடுத்துவிட்டு அவர் சொல்வதற்குக் கட்டுப்பட வேண்டும். நடித்துக்கொண்டே மற்றவரைக் கவனிக்கும் நெறியாளரின் கண் மேடையில் அலைவதைச் சபை உடனே கண்டுபிடித்துவிடும்.

ஊரில் அரங்கேற்றத்துக்கு முன் அடுக்குப் பார்ப்பார்கள், கூத்து முழுவதையும் ஒழுங்காக ஆடிப் பார்ப்பார்கள். அரங்கேற்றம் முடிந்த பின் வீடு வீடாகப் போய் ஆடுவார்கள். வேடம் உடம்பில் ஊறுவது அந்த வீட்டு வாசல்களில்தான். பாடசாலை நாடகமோ போட்டிக்கு ஒரு தடவை ஆடி முடிந்துவிடுகிறது. அதே நாடகத்தைக் குருக்கள்மடத்திலோ தம்பிலுவிலிலோ கோயில் முன்றலில் இன்னும் மூன்று தடவை ஆடவையுங்கள். முதல் இரவில் பாட்டையும் வசனத்தையும் மறந்துவிடுவோமோ என்று பயந்த பிள்ளை, மூன்றாம் இரவில் எதிரே நிற்பவன் சொல்வதைக் கேட்கத் தொடங்கியிருக்கும்.