சின்னவன் வயிறு: நாட்குறிப்பு

பிப்ரவரி 3

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ரத்தப் பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை. வலி மட்டும் அப்படியே இருக்கிறது.

பிப்ரவரி 4

அத்தை போனில், "ஸ்கேன்லயே ஒண்ணும் இல்லைன்னா, பள்ளிக்கூடம் போகாம இருக்க நடிக்கிறான்மா" என்றார். நடிக்கிற பிள்ளைக்கு நெற்றியில் வியர்க்குமா? சாப்பிட உட்கார்ந்ததும் முகம் வெளுக்குமா? இன்று பாதித் தட்டு சாப்பாட்டை அப்படியே தள்ளி வைத்துவிட்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆறு வயதில் இவ்வளவு அமைதியாக உட்காரும் பிள்ளையைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 5

புது டாக்டர். "எங்கே வலிக்குது, ஒரு விரலால காட்டு" என்றார். சின்னவனின் விரல் தொப்புளைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. அப்புறம் படுக்க வைத்து இடுப்புக்கு மேலே, இடது பக்கம், மெதுவாக அழுத்திப் பார்த்தார். என் கையையும் பிடித்து அதே இடத்தில் வைத்தார். உள்ளே கட்டியாக ஏதோ உருண்டது. மலம். எத்தனை நாளாகச் சேர்ந்ததோ.

"ஆனா டாக்டர், இவனுக்கு ஜட்டியில தண்ணியா கசியுதே. வயித்துப்போக்குன்னுதானே எல்லாரும் சொல்றாங்க?"

இறுகிப்போன மலம் மலக்குடலை அடைத்துக்கொண்டிருக்கும்போது, மேலே இருக்கும் தண்ணீர் மலம் அதைச் சுற்றிக் கசிந்து வந்துவிடுமாம். அது வருவதே பிள்ளைக்குத் தெரியாதாம். மலக்குடல் விரிந்து விரிந்து, 'நிறைந்துவிட்டது' என்று சொல்லும் உணர்வே மங்கிப்போயிருக்கும். பேதி நிற்க மருந்து கொடுத்தால் அடைப்பு இன்னும் மோசமாகும்.

வகுப்பில் இவனைப் பார்த்து மூக்கைப் பொத்தினார்களாம். பெரியவள்தான் சொன்னாள். இவன் என்னிடம் சொல்லவே இல்லை.

பிப்ரவரி 6

திரைச்சீலைக்குப் பின்னால் நிற்கிறான். இரண்டு காலையும் பின்னிக்கொண்டு, நுனிக்காலில். கை சுவரைப் பிடித்திருக்கிறது. முகம் சிவந்து, மூச்சை அடக்கி, கண் எங்கேயோ பார்க்கிறது. கொஞ்ச நேரத்தில் உடம்பு தளர்கிறது, ஒன்றும் நடக்காத மாதிரி விளையாடப் போய்விடுகிறான். முக்குகிறான் என்றுதான் பார்க்கிற எவரும் சொல்வார்கள். முக்கவில்லை. அடக்குகிறான். வெளியே வரப் பார்ப்பதை உள்ளே தள்ளுகிறான்.

ஒருமுறை வலித்திருக்கிறது. அதனால் அடுத்த முறை அடக்கியிருக்கிறான். அடக்கிய மலத்திலிருந்து பெருங்குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், அது கல்லாகும், இன்னும் வலிக்கும், இன்னும் அடக்குவான். இதை அவனுடைய பிடிவாதம் என்று யாராவது சொன்னால் இனி நான் சும்மா இருக்கப்போவதில்லை. அவனுக்கு அது பயம்.

பிப்ரவரி 8

பொடி ஆரம்பித்தாயிற்று. பாலிஎத்திலீன் கிளைக்கால். எடையைப் பார்த்துக் கணக்குப் போட்டு, முதலில் அடைப்பை எடுக்க அதிக அளவு, அப்புறம் குறைந்த அளவு. உடம்பில் ஏறக்குறையச் சேராதாம், தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு குடலோடேயே போய்விடுமாம். ருசி இல்லை. அது ஒன்றுதான் நிம்மதி, மறுப்பில்லாமல் குடிக்கிறான்.

பிப்ரவரி 9

ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 10

ஏழு. ஏழு. மறுபடி ஏழு. பெட்ஷீட், துண்டு, தரை. அவன் அழுதான், நானும் அழுதேன். சாயங்காலம் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன், மெத்தென்று இருக்கிறது.

பிப்ரவரி 13

நான் எழுதும் இந்த எண்கள், மலத்தை ஏழு வகையாகப் பிரிக்கும் பிரிஸ்டல் அட்டவணையிலிருந்து வருபவை. லூயிஸ், ஹீட்டன் என்ற இரண்டு மருத்துவர்கள் 1997-ல் வெளியிட்டது. ஒன்று என்றால் கொட்டை கொட்டையாக, தனித்தனியாக, கடினமாக. இரண்டு, அதே கொட்டைகள் ஒட்டிய கட்டி. மூன்றில் மேலே வெடிப்பு தெரியும். நான்கு வழவழப்பாக, நீளமாக, மெதுவாக. ஐந்து மெத்தென்ற துண்டுகள், ஆறு குழைந்தது, ஏழு வெறும் தண்ணீர். பெரியவள் ஒரு தாளில் ஏழையும் படமாக வரைந்து, நான்குக்கு மட்டும் கிரீடம் வைத்து, கழிப்பறைக் கதவில் ஒட்டியிருக்கிறாள். சின்னவன் உள்ளேயிருந்து எண்ணைக் கத்துகிறான். இந்த வீட்டில் மலத்தைப் பற்றிப் பேச வெட்கம் போய்விட்டது. நல்லதுதான். வெட்கம் இருந்த வரைக்கும் அவன் மறைத்துக்கொண்டிருந்தான்.

பிப்ரவரி 14

பள்ளிக் கழிப்பறைத் தாழ்ப்பாள் விழாதாம். அதனால்தான் அங்கே போகவே மாட்டேன் என்கிறான். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்றால், "நீங்க கேக்கலையேம்மா" என்கிறான்.

ஒரு தாழ்ப்பாள்.

பிப்ரவரி 16

சாப்பிட்டு முடித்ததும் உட்கார வைக்கிறோம். இரைப்பை நிறைந்தால் பெருங்குடல் தானே அசையத் தொடங்கும், அந்த நேரத்தைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். ஐந்திலிருந்து பத்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். கால் தொங்கக் கூடாது. பாதத்துக்குக் கீழே முக்காலி வைத்து, முழங்கால் இடுப்பைவிட உயரமாக இருக்க வேண்டும். அப்போதுதான் மலக்குடலை வளைத்துப் பிடித்திருக்கும் தசை தளரும். வந்தாலும் வராவிட்டாலும் உட்கார்ந்ததற்கு ஒரு ஸ்டிக்கர். வராததற்குத் திட்டு கிடையாது. இவன் அப்பாவிடமும் அத்தையிடமும் இதைத் தனித்தனியாகச் சொல்லியாயிற்று.

பிப்ரவரி 18

தாழ்ப்பாள் பற்றி வகுப்பு டீச்சருக்கு எழுதினேன். பதில் இல்லை.

பிப்ரவரி 19

தூங்கப் போகும்போது கேட்டான்: "நாளைக்குப் பள்ளிக்கூடம்னு என் வயித்துக்கு எப்படிம்மா தெரியும்?"

விளக்கை அணைத்த பிறகும் பேசிக்கொண்டிருந்தோம். குடல் சுவரில் கோடிக்கணக்கில் நரம்பணுக்கள் இருக்கின்றன, மூளை சொல்லாமலேயே குடலை அசைக்கும் அளவுக்கு அதற்குச் சுயபுத்தி உண்டு என்றேன். வயிற்றுக்கும் மூளைக்கும் நடுவே வேகஸ் என்று ஒரு நரம்பு ஓடுகிறது. அதில் இருக்கும் இழைகளில் சுமார் 80 சதவீதம் கீழேயிருந்து மேலே சேதி கொண்டு போகிறவை. வயிறுதான் அதிகம் பேசுகிறது, மூளை அதிகம் கேட்கிறது. "அப்ப மூளை பயந்தா?" மூளை பயந்தால் வயிற்றுக்கும் தெரியும். 1822-ல் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்பவருக்கு வயிற்றில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து, ஆறிய பிறகும் இரைப்பையில் ஓர் ஓட்டை மூடாமலே நின்றுவிட்டது. வைத்தியம் பார்த்த வில்லியம் போமான்ட் அந்த ஓட்டை வழியாகவே செரிமானத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினார். அந்த ஆள் கோபப்படும்போது இரைப்பை வேலை செய்யும் விதமே மாறியதையும் குறித்திருக்கிறார். ஓட்டைக் கதையை சின்னவன் மூன்று தரம் சொல்லச் சொன்னான்.

அவன் தூங்கிய பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. உடம்பிலிருக்கும் செரட்டோனின் என்ற வேதிப்பொருளில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் உருவாகிறது. அது அப்படியே மூளைக்குள் போய்விடாது, நடுவே தடுப்பு இருக்கிறது. ஆனால் குடல் அசைவதற்கும், வலியை நரம்புக்குச் சொல்வதற்கும் அதுதான் வேண்டும். இவ்வளவு இருக்கும் இடத்தில், ஸ்கேனில் தெரியவில்லை என்பதற்காக ஒரு பிள்ளையைப் பொய் சொல்கிறான் என்பார்களா? இங்கிலாந்தில் ஜான் ஆப்லி, நெய்ஷ் என்ற மருத்துவர்கள் பள்ளிப் பிள்ளைகள் 1000 பேரைப் பார்த்து 1958-ல் எழுதினார்கள். அடிக்கடி வந்துபோகும் வயிற்று வலி 10.8 சதவீதம் பேருக்கு. பத்தில் ஒரு பிள்ளை! வலி தொப்புளை விட்டு எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அவ்வளவுக்கு உறுப்புக் கோளாறைச் சந்தேகிக்க வேண்டும் என்றும் ஆப்லி சொன்னார். சின்னவனின் விரல் போட்ட வட்டம் இப்போதும் கண்ணிலேயே நிற்கிறது.

பிப்ரவரி 22

நான்கு!

பிப்ரவரி 24

ஆளாளுக்கு ஒரு புரோபயாடிக், அதாவது குடலுக்கு நல்லது என்று கொடுக்கும் கிருமி டப்பா, சொல்கிறார்கள். டாக்டரிடம் கேட்டேன். ஆன்டிபயாடிக் சாப்பிடும்போது வரும் பேதியைத் தடுக்க லாக்டோபேசிலஸ் ரம்னோசஸ் ஜிஜி, சாக்கரோமைசிஸ் பௌலார்டி போன்ற சில வகைகளுக்கு ஆதாரம் இருக்கிறது, பிள்ளைகளின் மலச்சிக்கலுக்கு 2014-ல் வந்த ஐரோப்பிய, வட அமெரிக்க வழிகாட்டுதல் அவற்றைப் பரிந்துரைக்கவில்லை என்றார். எந்தக் கிருமி, எதற்கு என்று கேட்காமல் டப்பாவைப் பார்த்து வாங்குவதில் அர்த்தமில்லை. தயிர் பிடித்தால் சாப்பிடட்டும்.

நார்ச்சத்தும் அப்படித்தான். வயதோடு ஐந்தைக் கூட்டினால் ஒரு நாளைக்கு இத்தனை கிராம் என்று ஒரு கணக்கு உண்டு. இவனுக்குப் பதினொன்று. அதற்கு மேல் திணிக்க வேண்டாம். அடைப்பு எடுக்காமல் நாரைக் கொட்டினால் உப்புசம்தான் வரும். பெருங்குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்க வைத்து பியூட்டிரேட் என்ற அமிலத்தை உண்டாக்குகின்றன, குடல் உட்சுவரின் அணுக்களுக்கு அதுதான் முக்கியச் சாப்பாடு. அதைப் படித்ததிலிருந்து பேரிக்காய் நறுக்கும்போதெல்லாம் அவனுக்கு மட்டும் நறுக்குவதாக எனக்குத் தோன்றவில்லை.

பிப்ரவரி 27

பெரியவளுக்குச் சளி, காய்ச்சல். தெரிந்தவர் ஒருவர், மீதியிருக்கும் ஆன்டிபயாடிக்கைக் கொடு என்றார். வைரஸுக்கு அது வேலை செய்யாது. குடலில் இருக்கும் நல்லதையும் சேர்த்து அடித்துவிட்டுப் போகும். கொடுக்கவில்லை. தேவைப்படும் நேரத்தில் டாக்டர் சொன்னால் ஒரு வேளை தவறாமல் கொடுப்பேன், அது வேறு.

மார்ச் 2

படுக்கை நனையவில்லை. நேற்றும் நனையவில்லை. நிறைந்த மலக்குடல் சிறுநீர்ப்பையை அழுத்திக்கொண்டிருந்ததாம். ராத்திரி நனைப்பதற்கு எத்தனை காரணம் சொன்னார்கள் இவனுக்கு!

மார்ச் 5

இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு சண்டை போட்டான். அந்தச் சண்டைச் சத்தம் கேட்டு எவ்வளவு நாளாயிற்று.

மார்ச் 8

ஒன்று. திரைச்சீலைக்குப் பின்னால் மறுபடி. கழிப்பறையில் அவன் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கழுவிவிடும்போது ரத்தம்.

மார்ச் 9

ராத்திரி முழுவதும் விழித்திருந்தேன். காலையில் முதல் ஆளாக டாக்டரிடம் போனோம். மலத்தின் மேலே பளிச்சென்ற சிவப்பு, கொஞ்சமாக, இறுகிய மலம் போன பிறகு: ஆசனவாயில் சிறு கீறல். பார்த்தே சொன்னார். மலத்தோடு கலந்த ரத்தம், எடை குறைவது, வளர்ச்சி நின்றுபோவது, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, பச்சையாக வாந்தி, விடாத காய்ச்சல், இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே வரச் சொன்னார். ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் அவர் முன்னாலேயே வரிசையாகச் சரிபார்த்துக்கொண்டேன்.

ஏன் திரும்பி வந்தது என்றால், இவன் அப்பா பொடியை நிறுத்தியிருக்கிறார். "நல்லாதானே இருக்கான், பழக்கமாயிடுமேன்னு…" என்கிறார். டாக்டர் அவரைப் பார்த்துத்தான் பேசினார். இந்த மருந்து குடலைச் சோம்பேறியாக்காது. குறைந்தது இரண்டு மாதம் கொடுக்க வேண்டும், தொந்தரவு ஒன்றுமே இல்லாமல் ஒரு மாதம் போக வேண்டும், அப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது. விரிந்த மலக்குடல் பழைய அளவுக்கு வர நாள் ஆகும். வழியெல்லாம் நாங்கள் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் இவரே பொடியைக் கலக்கிக் கொடுத்தார்.

மார்ச் 11

அத்தை வந்திருக்கிறார். கழிப்பறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, உள்ளே இருப்பவனுக்குக் கதை சொல்கிறார். நடிப்பு என்ற பேச்சே எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

மார்ச் 13

டீச்சரை நேரில் பார்த்தேன். இடைவேளை வரை காத்திருக்காமல், கேட்காமலே, எழுந்து போகலாம் என்று ஒப்புக்கொண்டார். ஆசிரியர்கள் பயன்படுத்தும் கழிப்பறைக்குப் போகலாம். பையில் ஒரு மாற்று ஜட்டி, ஒரு பாலிதீன் பை. தாழ்ப்பாளைச் சரிசெய்ய எழுதிக் கொடுத்திருக்கிறாராம். அங்கே போகாமல் அடக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடும் பிள்ளைகள் இன்னும் எத்தனை பேரோ! அவர்களுக்காகவாவது அதை மாட்டியே ஆக வேண்டும்.

மார்ச் 17

மூன்று. பரவாயில்லை.

மார்ச் 18

மூன்று. தண்ணீர் பாட்டில் நிறைந்தபடியே வீட்டுக்கு வந்தது.

மார்ச் 21

நான்கு, பள்ளிக்கூடத்தில்! வாசலிலேயே கத்திச் சொன்னான், தெருவுக்கே கேட்டிருக்கும்.

மார்ச் 23

தாழ்ப்பாள் இன்னும் மாட்டவில்லை. நாளைக்கு மறுபடி போகிறேன்.